கொட்டகலையும் வாக்கெண்ணும் விதியும்

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், மலையேறும் புகைவண்டிப் பாதையை ஒட்டி அமைந்த சிறு நகரம் கொட்டகலை. அதனைச் சூழ்ந்து கிடப்பன தேயிலைத் தோட்டங்கள். இலங்கைத் தேர்தல் வரலாற்றில் இந்நகரின் பெயர் இருமுறை தனித்து நிற்கின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அது ஒரு பாராளுமன்றத் தொகுதியின் பெயராக விளங்கிற்று. பின்னர் 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு பிரதேச சபையின் பெயராக விளங்கிற்று. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தை நோக்குவார்க்கு, மக்களாட்சியின் அடிப்படை வினாக்கள் மூன்றும் அங்கே தெளிவாகப் புலப்படும். வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் உள்ளது என்பது முதல் வினா. தொகுதியின் எல்லை எங்கே செல்கின்றது என்பது இரண்டாம் வினா. அளித்த வாக்கு எவ்வாறு எண்ணப்பட்டு இடமாக மாறுகின்றது என்பது மூன்றாம் வினா. மலையகத் தமிழர் வரலாற்றை எழுதினோர் முதல் இரண்டையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மூன்றாவது வினாவோ போதிய கவனத்தைப் பெறவில்லை. எனினும் இன்றைய உள்ளூராட்சி அமைப்பில் முதன்மையாகி நிற்பது அதுவே.

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியருக்கு முதலிற் கிடைத்தது இனவாரிப் பிரதிநிதித்துவம். 1924ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டசபை அமைப்பில் இந்தியருக்கென இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. வாக்குரிமை கல்வியையும் சொத்தையும் பொறுத்திருந்தமையால், தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அதற்குப் புறம்பாயினர். டொனமூர் ஆணைக்குழு இனவாரி முறையை அகற்றி, 1931இல் சர்வசன வாக்குரிமைக்கு வழிவகுத்தது. அவ்வாண்டில் அட்டன் தொகுதியின் உறுப்பினராகிய பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராயினார். 1936இல் அதே தொகுதியிற் கோ. நடேசய்யர் தெரிவானார். அரசாங்க சபைக்கு வாக்களிக்கும் தகுதி பெற்ற தொழிலாளிக்குத் தன் தோட்டத்து அயலிலுள்ள கிராமச் சங்கத்திற்கு வாக்களிக்கும் உரிமை கிட்டவில்லை. 1930களின் பிற்பகுதியில் கிராமாட்சிக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபொழுதும், தோட்டங்களில் வதிந்த இந்தியத் தொழிலாளர் அவ்வாக்குரிமைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். நாட்டின் ஆட்சியிற் பங்கு பெற்றவன் வீதியின் ஆட்சியிற் பங்கு பெறாத முரண்பாடு அன்றே தோன்றிவிட்டது.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் மலையகத்தின் பொற்காலமாகப் போற்றப்படுவது. அத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், அளுத்நுவரையில் டி. இராமானுஜமும், பதுளையில் எஸ். எம். சுப்பையாவும் தெரிவாயினர். இவ்வெழுவருள் அறுவர் ஓருறுப்பினர் தொகுதிகளில் வென்றவர். எழுவருள் ஒருவராகிய சுப்பையா வென்ற பதுளை இரட்டை உறுப்பினர் தொகுதியாகும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் கருதத்தக்கது.

சோல்பரி அரசியலமைப்பின்கீழ்த் தெரிவான உறுப்பினர் 95 பேர். தொகுதிகளோ 89. கொழும்பு மத்தி மூன்று உறுப்பினரைக் கொண்டது. பதுளை, பலாங்கொடை, கடுகண்ணாவை, அம்பலாங்கொடை - பலப்பிட்டி ஆகியவை இவ்விரண்டு உறுப்பினரைக் கொண்டவை. ஓரிடத்திற் கலந்து வாழும் சிறுபான்மையோர்க்குத் தனித்தொகுதி வகுத்தல் இயலாது. வரைபடத்தில் எக்கோட்டை இழுத்தாலும் அவர்கள் எல்லாப் பக்கத்திலும் சிறுபான்மையராகவே எஞ்சுவர். எல்லைக் கோட்டினால் தீராத இச்சிக்கலைத் தீர்த்தற்கே பல்லுறுப்பினர் தொகுதி வகுக்கப்பட்டது. அங்கே வாக்காளர்க்கு இடங்களின் எண்ணிக்கைக்கு ஒத்த வாக்குகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கலாம். அனைத்தையும் ஒருவர்க்கே குவித்தும் அளிக்கலாம். சிறுபான்மையோர் தம் வாக்குகளைக் குவித்தால் ஓரிடம் பெறலாம் என்பதே இதன் உட்கருத்து.

இந்தக் குவிவாக்கு முறையில் ஒரு குறை உண்டு. சிறுபான்மையினர் ஒரே வேட்பாளரை நிறுத்தினால் மட்டுமே அது பயன்தரும். இருவர் நின்றால் வாக்குப் பிரிந்து இருவருமே தோற்றல் கூடும். ஆகவே யார் நிற்பது என்பதைத் தேர்தலுக்கு முன்னரே தலைவர்கள் தமக்குள் முடிவு செய்தல் வேண்டும். மக்கள் அம்முடிவை ஏற்பதைத் தவிர வேறொன்றும் செய்யவியலாது. இக்குறையை நீக்கும் முறையொன்றும் அதே சோல்பரி அரசியலமைப்பில் இடம் பெற்றிருந்தது. ஆயின் அது பொதுமக்கள் கையில் அளிக்கப்படவில்லை. முப்பதின்மர் கொண்ட மூதவையில் பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். ஏனைய பதினைவரைப் பிரதிநிதிகள் சபை, விகிதாசார முறைப்படி, மாற்றத்தக்க ஒற்றை வாக்கினால் தெரிவு செய்தது. நியமன உறுப்பினர் உட்படப் பிரதிநிதிகள் சபையிற் 101 பேர் இருந்தனர். அனைவரும் வாக்களிப்பின், பதினைந்து இடங்களுள் ஒன்றை உறுதியாகப் பெற ஏழு வாக்குகள் போதும். மலையக உறுப்பினரின் தொகையும் ஏழே என்பது நினைவு கூரத்தக்கது. 1971இல் மூதவை நீக்கப்படும்வரை இம்முறை இலங்கைச் சட்டத்தில் நிலைத்திருந்தது. சட்டமியற்றுவோர் தமக்கெனக் கைக்கொண்ட நுண்ணிய அளவுகோல், மக்களின் வாக்குச் சாவடிக்கு வந்து சேரவேயில்லை.

எண்ணும் விதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இடமில்லாது போன காலம் விரைவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் இடாப்பினின்றும் நீக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கொட்டகலைத் தொகுதி இருந்தது. அதன் மலைகளிற் கொழுந்து பறித்தோர் இருந்தனர். அவர்களின் வாக்குகளே இல்லாதொழிந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 1988ஆம் ஆண்டின் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றின் வழியே குடியுரிமை படிப்படியாக மீண்டது. இழந்த உரிமையை முழுதும் மீட்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பொதுத் தேர்தலின் வாயிலாக மலையகத் தமிழர் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் புகுந்த ஆண்டு 1977. அவ்வாண்டில் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக அமைந்தது. காமினி திசாநாயக்கா, அநுரா பண்டாரநாயக்கா, சௌ. தொண்டமான் ஆகிய மூவரும் தெரிவாயினர். மூவருள் தொண்டமான் மூன்றாமவராக வந்தார். ஓரிடமே கொண்ட தொகுதியில் மூன்றாம் நிலைக்குப் பயனில்லை. மூவிடத் தொகுதியில் அது பாராளுமன்ற இருக்கை. பல்லுறுப்பினர் தொகுதியால் விளையும் நன்மைக்கு இதனினும் தெளிவான சான்று மலையகத்தில் இல்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் பாராளுமன்றத்திற்குக் கொணர்ந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் பட்டியல் முறைக்கு மாறின. வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சியின் பட்டியலில் மூவர்க்கு விருப்பு வாக்கும் அளிக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஈண்டு ஒரு சொன்மயக்கத்தை நீக்குதல் இன்றியமையாதது. இலங்கையில் விருப்பு வாக்கு எனப்படும் இம்மூன்றும் சம மதிப்புடையவை. அவற்றுள் முதல், இரண்டு என்னும் வரிசை இல்லை. ஒரு கட்சியின் எல்லையைக் கடந்து அவை செல்வதுமில்லை. இதன் விளைவாக ஒரே கட்சியினர் தமக்குள்ளேயே விருப்பு வாக்குக்குப் போட்டியிடும் நிலை உண்டாயிற்று. வட்டாரத்திற்குப் பொறுப்பான உறுப்பினர் எவர் என்பதும் மக்களுக்குத் தெரியாமற் போயிற்று.

இக்குறைகளை நீக்கக் கருதியே 2012ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் உள்ளூராட்சித் தேர்தற் சட்டங்கள் திருத்தப்பட்டன. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பங்கினர் வட்டாரங்களிலிருந்தும், 40 பங்கினர் பட்டியலிலிருந்தும் வருதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அக்காலத்திலேயே நுவரெலியா மாவட்டத்தின் நெடுநாட் குறையொன்றும் தீர்ந்தது. மிகப் பெருந்தொகை மக்களைக் கொண்டிருந்த அம்பகமுவை, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அம்பகமுவையினின்று மஸ்கெலியாவும் நோர்வூட்டும் பிரிந்தன. நுவரெலியாவினின்று கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிந்தன. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி இப்புதிய சபைகளுக்கு முதன்முறை வாக்களிப்பு நடைபெற்றது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிற் சபை பணியாற்றுதற்கு 1987 முதல் இடையூறாய் நின்றது அப்பிரிவே. இடாப்பும் எல்லையும் அதிகாரமும் ஒருவாறு சீர்பெற்றன. அதன்பின் எஞ்சியது எண்ணும் விதி.

புதிய சட்டத்திலும் பல்லுறுப்பினர் வட்டாரங்கள் உண்டு. சோல்பரி காலத்திற் போலவே, பல சமூகத்தார் கலந்து வாழும் இடங்களுக்காக வகுக்கப்பட்டவை அவை. ஆனால் அங்கே வாக்காளர்க்கு உள்ளது ஒரே வாக்கு. அதுவும் கட்சிக்கே உரியது. கூடிய வாக்குப் பெற்ற கட்சி அவ்வட்டாரத்தின் இரண்டு அல்லது மூன்று இடங்களையும் முழுமையாகப் பெறுகின்றது. மற்றக் கட்சிகள் சபை முழுவதற்குமான கணக்கிற் பட்டியல் வழியே ஈடு பெறுகின்றன என்பது உண்மையே. எனினும் அவ்வீடு கட்சிக்குக் கிடைப்பது. வட்டாரத்திற் சிறுபான்மையராக வாழும் மக்களுக்குக் கிடைப்பதன்று. பட்டியலிலிருந்து எவரை அழைப்பது என்பதைக் கட்சியே முடிவு செய்கின்றது. ஆகவே கலப்பு வட்டாரமொன்றில் தோட்டத் தமிழர்க்கோ, நகர முஸ்லிங்களுக்கோ, கிராமச் சிங்களவர்க்கோ ஓரிடம் கிட்டுமா என்பது, வெல்லும் கட்சி எவரை நிறுத்தியது என்பதைப் பொறுத்தது. பெயரிற் பல்லுறுப்பினர் வட்டாரம். செயலில் அது ஒரு கட்சியின் வட்டாரம். குவிவாக்கில் மக்களுக்கு இருந்த சிறு உரிமையும் இங்கே இல்லை.

மாற்றத்தக்க ஒற்றை வாக்கு இவ்விடத்தில் யாது செய்யும் என்பதைக் காண்டல் தகும். 1850களில் டென்மார்க்கில் ஆந்திரே என்பாரும், இங்கிலாந்தில் தோமஸ் ஹேயர் என்பாரும் ஒருவரையொருவர் அறியாது கண்ட முறை இது. 1861இல் ஜோன் ஸ்டூவாட் மில் இதனைப் பெரிதும் பாராட்டினார். தமிழர் தம் பழைய குடவோலை முறையை இதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை, தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டுச் சீட்டெடுக்கும் முறை. அங்கே எண்ணப்படும் வாக்கு இல்லை. ஹேயரின் முறையிலோ ஒவ்வொரு வாக்காளரும் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 எனத் தம் விருப்பத்தை வரிசையிட்டுக் குறிக்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மூன்று இடங்களுள்ள ஒரு வட்டாரத்திற் செல்லுபடியான வாக்குகள் 2,400 எனக் கொள்க. இத்தொகையை இடங்களினும் ஒன்று மிகுந்த எண்ணாகிய 4ஆல் வகுத்து, ஒன்று கூட்டினால் 601 வரும். இதுவே வெற்றிக்குரிய பங்கு. 601 வாக்குகளை நால்வர் பெறுதல் இயலாது, மூவரே பெறக்கூடும். பெரும்பான்மைச் சமூகத்தார் 1,600 பேர்; அவர்தம் வேட்பாளர் அ, ஆ, இ ஆகியோர் முறையே 700, 480, 420 முதல் விருப்புகளைப் பெறுகின்றனர். சிறுபான்மையார் 800 பேர். அவர்தம் வேட்பாளர் ஈ, உ ஆகியோர் முறையே 450, 350 பெறுகின்றனர்.

அ என்பவர் 601ஐக் கடந்தமையால் உடனே தெரிவாகின்றார். அவர்க்கு மிகையான 99 வாக்குகள் வீணாவதில்லை. அவர்க்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பின்படி 60 ஆவுக்கும், 39 இக்கும் செல்கின்றன எனக் கொள்க. ஆ 540, இ 459 ஆவர். வேறெவரும் 601ஐ எட்டாமையால், கடையராகிய உ நீக்கப்படுகின்றார். அவருடைய 350 வாக்குகளுள் 310 ஈக்கும், 40 இக்கும் செல்கின்றன. ஈ 760 பெற்றுத் தெரிவாகின்றார். இ 499 ஆகின்றார். ஈக்கு மிகையான 159 வாக்குகளுள் 40 ஆவுக்கும், 90 இக்கும் செல்ல, 29 வாக்குகளில் மேலும் விருப்புக் குறிக்கப்படவில்லை. ஈற்றில் ஆ 580, இ 589. மூன்றாம் இடம் இக்கு உரியதாகின்றது.

இக்கணக்கினின்று பெறப்படுவன மூன்று. சிறுபான்மையார் தம்முள் இருவரை நிறுத்தியும் தம் இடத்தை இழக்கவில்லை; அவ்விருவருள் எவர் சிறந்தவர் என்பதைத் தலைவர்களல்லாது வாக்காளரே முடிவு செய்தனர். பெரும்பான்மையார் தமக்குரிய இரண்டு இடங்களையும் பெற்றனர், அவர்க்கும் இழப்பில்லை. மூன்றாவது பேறே சிறப்புடையது. முதல் விருப்பிற் பின்தங்கிய இ, சிறுபான்மையாரின் பிந்திய விருப்புகளால் ஆவை முந்தினார். அயற் சமூகத்தாரின் நன்மதிப்பு அவர்க்கு ஓரிடம் தேடித் தந்தது. பிற சமூகத்தாரை இகழ்ந்து பேசி வாக்குத் திரட்டுவோர்க்கு இம்முறையில் இழப்பு நேரும். இன்றைய விதியின்படியாயின், அ, ஆ, இ மூவரும் ஒரே கட்சியினராகும்போது மூன்று இடங்களும் அவர்க்கே சென்றிருக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. கலப்புச் சமூகத்தில், உள்ளூராட்சியிலேயே இம்முறை சோதிக்கப்பட்டது. அயர்லாந்தின் சிலைகோ நகரசபை கடன்பட்டு நலிந்த நிலையில், 1919 சனவரியில் அங்கே இம்முறைப்படி தேர்தல் நடைபெற்றது. வரியிறுப்போர் சங்கத்தார் 24 இடங்களில் 8 பெற்றனர். சின் பெயின் கட்சியார் 7, தொழிலாளர் கட்சியார் 5, ஏனையோர் 4. மறுஆண்டில் அயர்லாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்திலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. ஆனால் வட அயர்லாந்து அரசு 1922இலேயே தன் உள்ளூராட்சியில் இதனை நீக்கியது. வட்டார எல்லைகளும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கர் மிகுந்த டெரி நகரம், நெடுங்காலம் பிறர் ஆட்சியின்கீழ் இருந்தது. அவ்வநீதி வளர்த்த கசப்பின் பயனை அந்நாடு 1960களின் இறுதியிற் கண்டது. 1973இல் உள்ளூராட்சியில் அம்முறை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. ஸ்கொத்லாந்தில் 2007 முதல் உள்ளூராட்சி மன்றத் தேர்தல்கள் இவ்வாறே நடைபெறுகின்றன. இந்தியாவிலோ மாநிலங்களவைக்கு இம்முறை வழங்குகின்றது. வாக்களிப்போர் சட்டமன்ற உறுப்பினர் மட்டுமே.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவும் எளிதில் ஒதுக்கத்தக்கனவல்ல. ஓருறுப்பினர் வட்டாரத்தில், குடியிருப்பு வரிசையில் நீர்க்குழாய் உடைந்தால் எவரிடம் செல்வது என்பது எல்லார்க்கும் தெரியும். மூவரிடையே பொறுப்பு மங்கக் கூடும். மலைநாட்டிற் பல்லுறுப்பினர் வட்டாரம் பரந்த நிலப்பரப்பை அடக்குவதால், பொருள் வசதியற்ற வேட்பாளர் தோட்டந்தோறும் சென்று வாக்குக் கேட்டல் அரிது. எண்ணுதற்குக் காலமும் பயிற்சியும் வேண்டும்.

இவற்றினும் பெரிய தடை பழக்கமின்மை. இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் 1982 முதலே வாக்காளர்க்கு விருப்பு வரிசையிடும் உரிமை உண்டு. ஆயின் 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலேதான் அவ்விருப்புகள் முதன்முறை எண்ணப்பட்டன. முதலிருவர் தவிர்ந்த ஏனை வேட்பாளர் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றுள் முதலிருவர்க்குச் சென்று சேர்ந்த பிந்திய விருப்புகள் 2,73,131 மட்டுமே, நூற்றுக்கு எட்டளவினவே. நாற்பதாண்டுக்கு மேலாகச் சட்டத்தில் இருந்த உரிமை மக்களின் கைப்பழக்கமாகவில்லை. வரிசையிடாத வாக்கு நீக்கப்பட்ட வேட்பாளரோடு நின்றுவிடும். ஆகவே விதியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும், தமிழிலும் சிங்களத்திலும் வாக்காளர்க்குக் கற்பித்தல் இன்றியமையாதது. இக்கல்வி பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் ஏற்கத்தக்க பணியாகும்.

2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலும் 60க்கு 40 என்னும் பழைய விதிப்படியே நடந்தது. கட்சிகளின் பலம் அதிற் பெருமளவு விகிதப்படி வெளிப்படலாம். ஆனால் கலப்பு வட்டாரத்து மக்கள் தம் உறுப்பினரைத் தாமே தெரிவு செய்கின்றனரா என்ற வினா விடையின்றியே நிற்கின்றது. பல்லுறுப்பினர் வட்டாரம் நோயை அறிந்து வகுத்த மருந்தே. ஆயின் பல இடங்களை வகுத்துவிட்டு, அவை அனைத்தையும் ஒரே கட்சிக்கு அளிக்கும் விதியை அதனோடு சேர்த்தல், மருந்தைக் கொடுத்துப் பத்தியத்தை முறிப்பதாகும். 1947இற் பதுளையும் 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாவும் காட்டியது, பல இடங்களோடு தக்க எண்ணும் விதியும் சேர்ந்தாற் சிறுபான்மையோர்க்கு வழி பிறக்கும் என்பதே. வாக்குரிமையை இழந்து மீட்ட மக்கள், அவ்வாக்கு எண்ணப்படும் விதியையும் தம் உரிமையின் ஒரு கூறாகக் கருதி ஆராய்தல் வேண்டும். கொட்டகலையின் எழுபதாண்டு வரலாறு வற்புறுத்தும் பாடம் இதுவேயாகும்.